தொடை எலும்பு கூடவில்லையா? காத்திருக்க வேண்டாம், காரணத்தைக் கேளுங்கள்



"ஆபரேஷன் பண்ணி எட்டு மாசம் ஆச்சு. இன்னும் கால் ஊன்ற முடியலே. எலும்பு கூடலைன்னு சொல்றாங்க." இந்தப் பேச்சை நம்மில் பலர் கேட்டிருப்போம். டூவீலர் விபத்து, டிராக்டர் கவிழ்ந்தது, தென்னை மரத்திலிருந்து விழுந்தது என்று எப்படியோ தொடை எலும்பு முறிந்துவிடுகிறது. ஆபரேஷனும் நடக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு எலும்பு கூடிவிடும். சிலருக்கு மட்டும் கூடுவதில்லை. அந்த வீட்டில் கூலி நின்றுபோகும். குழுவில் வாங்கிய கடன் தவணை நிற்கும். கடைசியில், "நம்ம தலையெழுத்து இவ்வளவுதான்" என்று கட்டிலோடு விட்டுவிடுவார்கள்.

இது தலையெழுத்து இல்லை. கூடாத தொடை எலும்பைத் திரும்பச் சரிசெய்ய வழிகள் இருக்கின்றன. ஆனால் ஏன் கூடவில்லை என்ற காரணத்தை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அதைப்பற்றி இந்த இதழில் விவரமாகப் பார்ப்போமா?

எலும்பு எப்படிக் கூடுகிறது?

நம் உடம்பிலேயே நீளமான, பலமான எலும்பு தொடை எலும்புதான். அது முறிந்தால் வெளியே காயம் இல்லாவிட்டாலும் தொடைக்குள்ளேயே 1 முதல் 1½ லிட்டர் வரை ரத்தம் கசியலாம். அதனால்தான் தொடை எலும்பு முறிவை அவசரமாகப் பார்க்க வேண்டும் என்கிறோம்.

முறிந்த இடத்தில் முதலில் ரத்தம் உறையும். இரண்டு, மூன்று வாரத்தில் அந்த இடத்தில் மெத்தென்று ஒரு திசு வளரும். பிறகு அதில் சுண்ணாம்புச் சத்து ஏறி, சுவர் வெடிப்பில் காரை பூசியதுபோல எலும்பைச் சுற்றிக் கெட்டியாகும். பெரியவர்களுக்குத் தொடை எலும்பு கூட சாதாரணமாக 3 முதல் 6 மாதம் ஆகும்.

இதற்கு இரண்டு விஷயம் கட்டாயம் வேண்டும். மா ஒட்டுக் கட்டுவதை நாம் பார்த்திருக்கிறோம். ஒட்டுக் கட்டிய இடம் ஆடாமல் இருக்க வேண்டும். இரண்டு குச்சியிலும் பச்சை இருக்க வேண்டும். ஒன்று காய்ந்துபோயிருந்தாலோ, கட்டு லூசாக இருந்தாலோ ஒட்டு பிடிக்காது. எலும்பும் அப்படித்தான். முறிந்த இடம் அதிகம் அசையக் கூடாது. இரண்டு முனைக்கும் ரத்த ஓட்டம் வேண்டும். இதோடு, அங்கே கிருமி இல்லாமலும் இருக்க வேண்டும்.

அந்தக் காலத்தில் தொடை முறிந்தவர்களுக்குக் காலில் எடையைக் கட்டித் தொங்கவிட்டு, இரண்டு மூன்று மாதம் படுக்கையிலேயே வைத்திருப்பார்கள். 1940ல் ஜெர்மனியைச் சேர்ந்த குன்ட்ஷெர் என்ற டாக்டர், எலும்பின் நடுவே உள்ள குழாய்க்குள் ஒரு நீளமான கம்பியைச் செலுத்தி நிறுத்தும் முறையை மற்ற டாக்டர்களுக்கு எடுத்துச் சொன்னார். இன்று நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் "உள்ளே கம்பி வைத்திருக்கிறோம்" என்று சொல்வது அதிலிருந்து வளர்ந்த முறைதான். சிலருக்குக் கம்பிக்குப் பதிலாக எலும்பின் மேல் பிளேட் வைத்து ஸ்குரு போடுவார்கள்.

எப்போது "கூடவில்லை" என்று சொல்வார்கள்?

முறிந்து 9 மாதம் ஆகி, கடைசி 3 மாதமாக எக்ஸ்ரேயில் எந்த முன்னேற்றமும் இல்லையென்றால் எலும்பு கூடவில்லை என்று மருத்துவத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. அதற்காக 9 மாதம் வரை சும்மா இருக்க வேண்டும் என்று அர்த்தமில்லை. எலும்புத் துண்டே விழுந்துபோய் இடைவெளி இருந்தாலோ, கம்பி உடைந்தாலோ, சீழ் வடிந்தாலோ அதற்கு முன்பே சிகிச்சை தொடங்க வேண்டும்.

வீட்டில் நாம் கவனிக்க வேண்டிய அறிகுறிகள் இவை:

- 6 மாதம் ஆகியும் கால் ஊன்றும்போது முறிந்த இடத்திலேயே வலிப்பது
- குறைந்து வந்த வலி திரும்பவும் அதிகமாவது
- தொடை வளைவது போலவோ, உள்ளே அசைவது போலவோ தெரிவது
- ஆபரேஷன் தழும்பு பக்கத்தில் ஓட்டை விழுந்து நீரோ சீழோ வடிவது, அவ்வப்போது காய்ச்சல் வருவது
- கால் நாளுக்கு நாள் குட்டையாகிக்கொண்டே வருவது

இதில் ஒன்று இருந்தாலும் உடனே எலும்பு டாக்டரைப் பார்க்க வேண்டும். "நாள் போனா தானா கூடிரும்" என்று மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு இருக்கக் கூடாது.

கம்பி உடைந்ததா, எலும்பு கூடவில்லையா?

"மட்டமான கம்பி வச்சுட்டாங்க, அதான் உடைஞ்சுபோச்சு, எலும்பும் கூடலே" என்று பேசுவோம். பெரும்பாலும் விஷயம் நேர்மாறானது. எலும்பு கூடாததால்தான் கம்பி உடைகிறது. ஒரு கட்டுக்கம்பியைக் கையில் எடுத்து இப்படியும் அப்படியும் வளைத்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? ஒரு கட்டத்தில் பட்டென்று ஒடியும். எலும்பு கூடும் வரைக்கும் சுமை தாங்குவதற்குத்தான் கம்பி. எலும்பு கூடாவிட்டால் நாம் எடுத்து வைக்கும் ஒவ்வொரு அடியும் கம்பியின்மேல் விழும். எவ்வளவு நல்ல கம்பியானாலும் ஒருநாள் ஒடிந்துதான் போகும்.

அதனால் உடைந்த கம்பியை எடுத்துவிட்டு அதேபோல வேறொரு கம்பியைப் போட்டால் மட்டும் போதாது. எலும்பு ஏன் கூடவில்லை என்று பார்க்காமல் செய்தால் இரண்டாவது கம்பியும் ஒடியலாம்.

கூடாததற்கு என்ன காரணம்?

முதலாவது, விபத்தின் வேகம். எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்திருந்தாலோ, பல துண்டாக நொறுங்கியிருந்தாலோ அந்த இடத்தில் ரத்த ஓட்டம் கெட்டுப்போகும்.

இரண்டாவது, பிடிமானம். கம்பி எலும்பின் குழாயைவிட ஒல்லியாக இருந்தாலோ, முனைகளுக்கு இடையே இடைவெளி விட்டுப்போயிருந்தாலோ, சொன்ன நாளுக்கு முன்பே முழு எடையும் போட்டு நடந்தாலோ முறிந்த இடம் ஆடிக்கொண்டே இருக்கும்.

மூன்றாவது, கிருமி. உள்ளே சீழ் இருந்தால் எலும்பு கூடுவது மிகவும் கஷ்டம். சில சமயம் வெளியே சீழே தெரியாது. ரத்தப் பரிசோதனையிலும், ஆபரேஷனின்போது எடுக்கும் சதையைச் சோதிப்பதிலும்தான் தெரியும்.

நான்காவது, நம் உடம்பின் நிலை. பீடி, சிகரெட் எலும்புக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். புகையிலை போடுகிறவர்களும் எலும்பு கூடும்வரையாவது அதை விட்டுவிட வேண்டும். சுகர் கட்டுப்பாட்டில் இல்லாவிட்டாலும், வைட்டமின் டி குறைந்தாலும், சத்துக் குறைவாக இருந்தாலும் எலும்பு கூடத் தாமதமாகும். வலி மாத்திரைகளை டாக்டரைக் கேட்காமல் மாதக்கணக்கில் விழுங்குவதும் நல்லதில்லை.

ஆபரேஷனுக்கு முன்னால் எக்ஸ்ரே, தேவைப்பட்டால் சி.டி. ஸ்கேன், கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனை, சுகர், வைட்டமின் டி எல்லாம் பார்ப்பது இந்தக் காரணங்களைத் தேடத்தான். "மறுபடியும் மறுபடியும் டெஸ்ட் எழுதுறாங்களே" என்று சலித்துக்கொள்ள வேண்டாம்.

காரணத்துக்குத் தகுந்த சிகிச்சை

எக்ஸ்ரேயில் எலும்பு முனைகள் யானைக்கால் போலப் பருத்திருந்தால், அங்கே ரத்த ஓட்டம் இருக்கிறது, வளரவும் முயற்சி செய்கிறது, ஆனால் அசைவு அதிகம் என்று அர்த்தம். இதற்குப் பிடிமானம் கொடுத்தால் பெரும்பாலும் போதும். பழைய கம்பியை எடுத்துவிட்டு, எலும்புக் குழாயை உள்ளே சற்றுக் குடைந்து, முன்னதைவிட 1 அல்லது 2 மில்லிமீட்டர் தடிமனான கம்பியை இறுக்கமாகப் போடுவார்கள். அல்லது இருக்கும் கம்பியை விட்டுவிட்டு, பக்கத்தில் ஒரு பிளேட்டும் சேர்த்து வைப்பார்கள்.

முனைகள் பென்சில் முனை போலக் கூர்மையாகி, காய்ந்துபோய் இருந்தால் அங்கே உயிர்ச்சத்து குறைவு என்று அர்த்தம். பிடிமானம் மட்டும் போதாது. செத்த பகுதியை நீக்கி, ரத்தம் கசியும் நல்ல எலும்பு தெரியும்வரை சுத்தம் செய்து, அங்கே புது எலும்பை நட வேண்டும். அந்த எலும்பை எங்கிருந்து எடுப்பார்கள் தெரியுமா? நாம் தண்ணிக்குடத்தை இடுப்பில் வைக்கிறோமே, அந்த இடுப்பு எலும்பின் மேல் விளிம்பிலிருந்துதான். உள்ளே பஞ்சு போல இருக்கும் எலும்பைச் சுரண்டி எடுத்து, முறிந்த இடத்தில் நிரப்புவார்கள். நாற்றங்காலில் இருந்து நாற்றைப் பிடுங்கி வயலில் நடுவது போலத்தான். இடுப்பில் சில வாரம் வலி இருக்கும். ஆனால் இது நம் சொந்த எலும்பு என்பதால் உடம்பு ஏற்றுக்கொள்ளும். "இடுப்பெலும்பை எடுத்துட்டா அப்புறம் குடம் தூக்க முடியாது" என்று பயப்பட வேண்டாம். ஆறிய பிறகு பெரும்பாலானவர்கள் பழையபடி வேலை செய்கிறார்கள்.

சீழ் பிடித்திருந்தால் வேலை இரண்டு கட்டமாக நடக்கும். முதல் ஆபரேஷனில் பழைய கம்பி, ஸ்குரு, செத்த எலும்பு எல்லாவற்றையும் எடுத்துச் சுத்தம் செய்வார்கள். கிருமி எந்த வகை என்று சோதித்து, அதற்கேற்ற மருந்தைப் பல வாரம் கொடுப்பார்கள். மருந்து கலந்த சிமெண்டையும் அந்த இடத்தில் வைப்பதுண்டு. இது வீடு கட்டும் சிமெண்ட் இல்லை, எலும்பு ஆபரேஷனுக்கென்றே உள்ளது. இந்தச் சிமெண்டைச் சுற்றி 6 முதல் 8 வாரத்தில் ஒரு நல்ல சவ்வு வளரும். இரண்டாவது ஆபரேஷனில் சிமெண்டை எடுத்துவிட்டு, அந்தச் சவ்வுப் பைக்குள் இடுப்பு எலும்பை நிரப்புவார்கள். பிரான்ஸ் நாட்டு டாக்டர் மாஸ்க்லே 1980களில் கொண்டுவந்த முறை இது. முதல் ஆபரேஷன் முடிந்ததும் சீழ் நின்றுவிட்டது என்று வீட்டுக்குப் போய், இரண்டாவதற்கு வராமல் விட்டால் பட்ட கஷ்டமெல்லாம் வீண்தான்.

எலும்பு நீளமாகக் குறைந்துபோயிருந்தால்?

விபத்திலோ சீழிலோ பல சென்டிமீட்டர் எலும்பே இல்லாமல் போயிருக்கலாம். அதற்கும் வழி உண்டு. ரஷ்யாவில் குர்கான் என்ற ஊரில் இலிசாரோவ் என்ற டாக்டர் 1950களில் ஒரு முறையை உருவாக்கினார். காலைச் சுற்றி வெளியே வளையங்கள், அவற்றிலிருந்து எலும்பைத் துளைத்துப்போகும், சைக்கிள் போக்ஸ் கம்பி போன்ற மெல்லிய கம்பிகள். நல்ல எலும்பில் ஒரு இடத்தை வெட்டி, நட்டைத் திருகித் திருகி அந்தத் துண்டை மெதுவாக நகர்த்தினால் பின்னால் விடும் இடைவெளியில் புது எலும்பு தானே வளரும் என்று அவர் காட்டினார்.

1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கம் வென்ற ரஷ்ய வீரர் வலேரி புருமெல், அடுத்த ஆண்டே மோட்டார் சைக்கிள் விபத்தில் சிக்கினார். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, பல ஆபரேஷன் செய்தும் கூடவில்லை. கடைசியில் இலிசாரோவ் சிகிச்சையில் குணமாகி, திரும்பவும் 2 மீட்டர் உயரத்தைத் தாண்டினார். அவருக்கு முறிந்தது தொடை எலும்பு இல்லை என்றாலும், கூடாத எலும்பைக் கூட வைக்கும் வழி ஒன்றுதான்.

தொடையில் சதை அதிகம் என்பதால் வளையத்துக்குப் பதில், தொடையின் வெளிப்பக்கமாக ஒரு தண்டவாளம் போன்ற கருவியையும் நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் வைக்கிறார்கள். இதில் எலும்பை ஒரு நாளைக்கு 1 மில்லிமீட்டர்தான் நகர்த்துவார்கள். அதையும் நாலு தடவையாகப் பிரித்து, கால் கால் மில்லிமீட்டராகத் திருக வேண்டும். வீட்டில் இதைச் செய்வது பெரும்பாலும் நாம்தான். 5 சென்டிமீட்டர் குறை இருந்தால் நகர்த்துவதற்கே 50 நாள் ஆகும். வளர்ந்த எலும்பு கெட்டியாக அதற்குமேல் பல மாதம் ஆகும். ஒரு வருஷம் வரைகூட கருவி காலில் இருக்கலாம். கம்பி தோலுக்குள் நுழையும் இடத்தை டாக்டர் சொன்னபடி தினமும் சுத்தமாக வைக்க வேண்டும். முழங்காலை மடக்கி நீட்டும் பயிற்சியை விட்டுவிட்டால் எலும்பு கூடினாலும் முட்டி இறுகிப்போகும். அப்புறம் சம்மணம் போடவோ, குத்த வைத்து உட்காரவோ முடியாது.

வயதானவர்களுக்கு இடுப்பு மூட்டுக்குப் பக்கத்தில், தொடை எலும்பின் கழுத்தில் முறிவு வருவதுண்டு. அங்கே ரத்த ஓட்டம் குறைவு என்பதால் கூடாமல் போகும் வாய்ப்பு அதிகம். அவர்களுக்குப் பெரும்பாலும் செயற்கை மூட்டு வைத்து சீக்கிரம் நடக்க வைப்பார்கள். "வயசாயிடுச்சு, எதுக்கு ஆபரேஷன்" என்று படுக்கையில் விட்டால் படுக்கைப் புண், சளி, நிமோனியா என்று உயிருக்கே ஆபத்தாகும்.

கட்டுப் போடலாமா?

கை விரல் பிசகு, சுளுக்குக்குக் கட்டுப் போட்டுக்கொண்டது போலத் தொடை எலும்புக்கும் கட்டுப் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். தொடைச் சதை மிகவும் பலமானது. முறிந்த எலும்பை அது இழுத்து ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றிவிடும். வெளிக்கட்டால் அதைத் தடுக்க முடியாது. கால் குட்டையாகும், கோணலாகும். இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டம் நின்று காலையே எடுக்கும் நிலையும் வரலாம். ஏற்கெனவே கூடாமல் இருக்கும் எலும்புக்கு எண்ணெய் போட்டு உருவுவதும் கூடாது.

பெண்ணுக்கு என்றால் மட்டும் ஏன் தாமதம்?

இதை நாம் வெளிப்படையாகப் பேச வேண்டும். வீட்டு ஆம்பளைக்குக் கால் முறிந்தால் நகையை அடகு வைத்தாவது பார்க்கிறோம். அதே நமக்கு என்றால், "வீட்டுக்குள்ளதானே இருக்கா, மெதுவா நடந்துக்கட்டும்" என்று தள்ளிப் போகிறது. நாமும், "பிள்ளைங்க பரீட்சை முடியட்டும், அறுப்பு முடியட்டும்" என்று வலியை முழுங்குகிறோம். தள்ளிப்போட்டால் எலும்பு தேயும், சதை மெலியும், முட்டி இறுகும். சுலபமாக முடிய வேண்டிய ஆபரேஷன் பெரிய ஆபரேஷனாகும்.

சாப்பாட்டிலும் இதே கதைதான். எலும்பு கூட வேண்டியவள் கடைசியில் மிச்சத்தைச் சாப்பிட்டால் எப்படிக் கூடும்? கேழ்வரகு, முட்டை, பயறு, நிலக்கடலை, முருங்கைக்கீரை, பால், நெத்திலிக் கருவாடு என்று நம் ஊரில் கிடைப்பதே போதும். தினமும் கொஞ்ச நேரம் வெயிலில் உட்காருவதும் நல்லது.

டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகள்

1. எலும்பு ஏன் கூடவில்லை? பிடிமானம் போதவில்லையா, ரத்த ஓட்டம் இல்லையா, கிருமி இருக்கிறதா?
2. மொத்தம் எத்தனை ஆபரேஷன் ஆகும்?
3. எப்போது எவ்வளவு எடை போட்டு நடக்கலாம்?
4. கால் உயரம் குறையுமா? குறைந்தால் என்ன செய்வீர்கள்?
5. இதிலும் கூடாவிட்டால் அடுத்த வழி என்ன?

இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. சரியாக ஆபரேஷன் செய்தாலும் சிலருக்கு ஒன்றுக்கு மேல் தேவைப்படும் என்பதையும் நாம் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். அப்போதுதான் பாதியில் மனம் தளராமல் இருக்கலாம்.

செலவுக்கு என்ன வழி?

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் எலும்பு முறிவுப் பிரிவு இருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012ல் தொடங்கியது. வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கி, குடும்ப அட்டை, ஆதாருடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்தில் பதிவு செய்து அட்டை பெறலாம். ஆபரேஷனுக்கு முன்பே மருத்துவமனைக் காப்பீட்டு கவுண்டரில், இந்தச் சிகிச்சைக்கு அனுமதி உண்டா, எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள். முடிந்த பிறகு கேட்டால் சிரமம்.

சாலை விபத்து நடந்த உடனே என்றால் 108ஐக் கூப்பிடுங்கள். அடிபட்டவரை எழுப்பி நிறுத்தாதீர்கள். முறிந்த காலை அசையாமல் நல்ல காலோடு சேர்த்துக் கட்டித் தூக்குங்கள். நஷ்டஈட்டு வழக்குக்குப் பெண்கள் வருமான வரம்பு இல்லாமல் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி பெறலாம். தாமதிக்காமல் மனு போடுங்கள்.

முதல் நாளிலிருந்து எடுத்த எக்ஸ்ரே எல்லாவற்றையும், டிஸ்சார்ஜ் சீட்டையும், என்ன கம்பி வைத்தார்கள் என்ற விவரத்தையும் ஒரு பையில் போட்டுப் பத்திரமாக வையுங்கள். பழைய கம்பியை எடுக்கும் டாக்டருக்கு அந்த விவரம் தெரிந்தால் ஆபரேஷன் சுலபமாகும்.

குழுவில் நாம் என்ன செய்யலாம்?

அடுத்த குழுக் கூட்டத்தில் ஒரு கேள்வி கேளுங்கள்: "நம்ம உறுப்பினர் வீடுகள்ல எலும்பு முறிஞ்சு ஆறு மாசத்துக்கு மேல ஆகியும் ஊன்றி நடக்க முடியாதவங்க யாராவது இருக்காங்களா?" இருந்தால் பெயரைத் தீர்மான நோட்டில் எழுதுங்கள். அவருடைய காப்பீட்டு அட்டையை யார் பார்ப்பது, ஆஸ்பத்திரிக்கு யார் கூடப் போவது என்று அன்றே முடிவு செய்யுங்கள். உள்கடன் தவணையைத் தள்ளிவைக்க முடியுமா என்றும் பேசுங்கள். ஆபரேஷன் முடிந்து வந்தவருக்கு ஒரு மாதம் தண்ணி எடுத்துக் கொடுத்து, ரேஷன் வாங்கிக் கொடுத்தால் அதுவும் பெரிய உதவிதான். அவர் அவசரப்பட்டுக் காலை ஊன்றாமல் இருக்க அது உதவும்.

கூடாத எலும்புக்கு வழி இருக்கிறது. அதற்குப் பொறுமை வேண்டும், காசு வேண்டும், கூட ஒரு ஆள் வேண்டும். காசுக்குத் திட்டம் இருக்கிறது. கூட ஆளாக நாம் இருப்போம்.